உள்ளே சாய்ந்த நெற்றி

அசுவினிப் பூச்சிக்குத் தலை என்று தனியாக ஒன்று இருப்பதே எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரியும். அதற்கு முன்னால் அது செடியின் இளங்குருத்தில் பச்சையாக அப்பிக் கிடக்கும் பிசுபிசுப்பு, அவ்வளவுதான். விரலால் வழித்தால் போய்விடும். பயிர்ச் சோதனைக் கூடத்தில் கண்ணாடி கழுவும் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான், கடுகில் பாதிகூட இல்லாத அந்த உடம்பின் முன்பக்கத்தை வைத்து ஒரு குடும்பத்தையே கவிழ்த்துவிட முடியும் என்று தெரிந்துகொண்டேன்.

தலையைப் பார்த்து இனம் சொல்கிறவருக்கு எங்கள் டிரைவர் தலையாரி என்று பெயர் வைத்திருந்தார். ஊர்க்காவல் பார்க்கிற தலையாரிக்காவது ராத்திரி வேலை, நம்ம தலையாரிக்குப் பகலிலேயே கண் பிதுங்குகிறது என்பார். அவர் காதில் விழும்படியே சொல்வார். அவரும் கோபித்துக்கொண்டதில்லை. காலையில் வந்ததும் நாற்காலியின் மெத்தையைத் தட்டிப் போட்டு, மைக்ராஸ்கோப்பின் உறையை மடித்து இழுப்பறையில் வைத்து, உட்கார்ந்தாரென்றால் மதியம்தான் முதுகு நிமிரும்.

பூச்சியின் இரண்டு உணர்கொம்புகளும் நெற்றியிலிருந்து கிளம்பும் இடத்தில் இரண்டு மேடுகள் இருக்கும். சில இனத்தில் மேடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. சிலதில் வெளிப்பக்கம் விரிந்திருக்கும். சிலதில் நேராக நிற்கும். ஒன்றில் மட்டும் இரண்டு மேடும் உள்பக்கமாக, அடுத்த வீட்டு விஷயம் பேசுகிற இரண்டு பேரைப் போல, ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்திருக்கும். அந்தச் சாய்ந்த இனம்தான் ஆகாதது. செடிக்குச் செடி நோயைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அது. விதைக்கிழங்கு வளர்க்கிற வலைக்கூடாரத்தில் அதில் ஒன்று கிடைத்தாலும் போதும், அதிகாரிகள் கூடாரத்தோடு கொளுத்திவிடுவார்கள். மூன்று வருஷத்துக்கு அந்த மண்ணில் எதையும் நடக்கூடாது.

என் வேலை சின்னது. பழைய கண்ணாடித் தகடுகளை அமிலத்தில் ஊறவைத்து, மூன்று தண்ணீரில் அலசி, நைந்த துணியால் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்து அடுக்க வேண்டும். கீறல் இருந்தால் குப்பைக்கூடை. பதினோரு வருஷத்தில் ஒரு கீறல் தகடுகூட என் கையைத் தாண்டிப் போனதில்லை. பெருமைப்பட வேறு எதுவும் இல்லாததால் இதைச் சொல்லிக்கொள்கிறேன்.

கழுவிய தகட்டில் பூச்சியை ஏற்றுவது தலையாரியின் மனைவி. கூடத்தில் எல்லாரும் அவளை அக்கா என்பார்கள், நானும் அப்படித்தான். அவள் என்னை அண்ணே என்பாள். யார் மூத்தவர் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொண்டதில்லை. நான் அவர்கள் வீட்டின் பின்கட்டில் குடியிருந்தேன். என் சமையலை நானே சாப்பிட முடியாது என்பதால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அவர்களோடு.

அக்காவின் கைவேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நாலே நாலு மயிர் உள்ள தூரிகையால் புட்டியிலிருந்து பூச்சியைத் தொட்டு எடுப்பாள். ஊசிமுனையால் வயிற்றில் ஒரு குத்து. பிறகு காரக் கரைசல் உள்ள சின்னக் குழாயில் போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்துவாள். உள்ளே இருக்கிற சதையெல்லாம் கரைந்து தோல் மட்டும் மிஞ்சும். அதற்கு நாலு நிமிஷம். அப்புறம் அலசி, தகட்டில் குப்புறப் படுக்கவைத்து, ஆறு காலையும் இரண்டு கொம்பையும் பிரித்துவிட்டு, ஒரு சொட்டுப் பிசின் வைத்து, மேலே மெல்லிய வட்டக் கண்ணாடியை மூடுவாள். மூடும்போது மூச்சு விட மாட்டாள்.

போன வெயில் காலத்தில் ஒருநாள் என் மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குழாய் வெந்நீரிலேயே நின்றது.

“நாலு நிமிஷம் ஆச்சே அக்கா,” என்றேன்.

“இருக்கட்டும் அண்ணே.”

“ஒம்பது ஆகப்போகுது.”

அவள் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “அவருக்குக் கண்ணு தெரிய மாட்டேங்குது. நேத்து தட்டுல இருந்த புள்ளிய மிளகுன்னு நெனச்சு ஒதுக்கிக்கிட்டே இருந்தாரு. கூடக் கொஞ்சம் வெந்தா பூச்சித் தோலு நல்லா வெளுத்துடுது. ஓரம் மட்டும் பளிச்சுனு நிக்குது. அப்பதான் அவருக்குப் புடிபடுது.”

“அவருக்குத் தெரியுமா இது?”

“எதுக்குச் சொல்லணும்? இன்னிக்குத் தகடு நல்லா வந்திருக்குன்னு சிரிச்சாரு. சிரிச்சு எத்தன நாளாச்சு. ஓய்வு பெற இன்னும் ரெண்டு வருஷம். அதுவரைக்கும் தள்ளிட்டா போதும்.”

“மண்டை பொளந்துடாதா?”

“பொளந்தா தூக்கிப் போட்டுடுவேன். பொளந்த மண்டை மடங்கினா நேரா நிக்கிறதும் உள்ள சாஞ்சிடும். அது எனக்குத் தெரியாதா? அவருக்குத்தான் கண்ணு போச்சு, எனக்கு இருக்குல்ல.”

செத்த பூச்சி கொஞ்சம் கூட வெந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அக்காவிடம் இருந்தது கைலென்ஸ். அதில் தெரிகிற பிளவு வேறு, மைக்ராஸ்கோப்பில் மட்டும் தெரிகிற பிளவு வேறு என்பது என் மண்டையில் ஏறவில்லை. கண்ணாடி கழுவுகிறவனுக்கு எதற்கு அதெல்லாம் என்று இருந்துவிட்டேன். அந்த அசட்டையை இன்றைக்கு வரைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மழை பிடித்துக்கொண்ட மாதத்தில் இருநூற்றுப் பதினாறாம் எண் புட்டி வந்தது. புட்டிகளில் எண் மட்டும்தான் இருக்கும். யாருடைய கூடாரம் என்று சோதனைக் கூடத்துக்குத் தெரியக்கூடாது என்பது சட்டம். அதில் குட்டிகள்தான் நிறைய. குட்டியின் நெற்றியை வைத்து முடிவு சொல்லக்கூடாது. வளர்ந்தது ஒன்றே ஒன்று இருந்தது. அதை அக்கா பத்து நிமிஷம் வேகவைத்தாள். தலையாரி ஒரு மணி நேரம் பார்த்தார். “நெற்றி” என்ற கட்டத்துக்கு நேராக “உட்சாய்வு” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஐந்தாம் நாள் அக்கா போனைக் கையில் பிடித்தபடி என் மேஜைக்கு வந்து, நனைந்த ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்தாள்.

“இருநூத்திப் பதினாறு என் தம்பியோடது அண்ணே,” என்றாள். “நேத்து கொளுத்திட்டாங்களாம். நோட்டீஸ்ல அந்த நம்பர்தான் போட்டிருக்காம்.”

அந்தத் தம்பியை அவள்தான் வளர்த்தாள். அம்மா போகும்போது அவனுக்கு மூன்று வயது, இவளுக்குப் பதினாலு. கல்யாணமாகி வரும்போது அவனையும் கூட்டிக்கொண்டுதான் வந்தாள். தலையாரி அவனுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்து, படிக்கவைத்து, அந்தக் கூடாரம் போடும்போது குழாய்களைத் தோளில் சுமந்திருக்கிறார்.

“அன்னிக்கு எவ்வளவு நேரம் வெச்சேன்?” என்று கேட்டாள்.

“பத்து இருக்கும்.”

“மண்டை நல்லாத்தான இருந்துச்சு?”

“நீங்கதான பாத்தீங்க அக்கா.”

“பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு.”

மறுநாளும் இதையே கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். நானும் அதே பதிலைச் சொன்னேன்.

கொளுத்திய இருபத்தேழாம் நாள் தம்பி வந்து சேர்ந்தான். ஒரு பை, அதற்குள் இரண்டு சட்டை, பிளாஸ்டிக் உறையில் மடித்த ஒரு தாள். மறுபார்வை கேட்கிற விண்ணப்பம் அது. முப்பது நாளைக்குள் கொடுத்தால் தகட்டைத் தலைமைக் கூடத்துக்கு அனுப்பி, வேறொருவர் பார்ப்பார். தப்பு என்று தெரிந்தால் மண்ணைத் திருப்பிக் கொடுத்து, வரும் பருவத்துக்கு விதையும் கொடுப்பார்கள். சரி என்று தெரிந்தால் அவ்வளவுதான், தடை மூன்று வருஷத்திலிருந்து ஐந்தாகும். அவன் மனைவியும் பெண்ணும் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மண் கிடைத்தால் வருகிறேன் என்று அவள் சொல்லியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நாலு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். வெளியே தூறல் விடவில்லை. சோறும் முட்டையும் கீரையும். அந்த வீட்டில் ஒரு மாதமாகக் கிழங்கு வாங்கவில்லை, அதை யாரும் பேசவும் இல்லை.

“இன்னும் கொஞ்சம் போட்டுக்கோடா,” என்றாள் அக்கா.

“போதும்க்கா.”

“இளைச்சிப் போயிட்ட.”

“எல்லாரும் அதையே சொல்றாங்க. கண்ணாடில பாத்தா எனக்கு அப்படியேதான் தெரியுது.” தட்டைக் கொஞ்சம் தள்ளிவிட்டு மாமாவைப் பார்த்தான். “மாமா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“கேளு மாப்ள.”

“இந்தத் தாளக் குடுக்கவா வேணாமா?”

தலையாரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “நான் எழுதினதுக்கு மேல நீ மனு குடுக்கற. என்கிட்டயே கேக்கறியே.”

“வேற யாருகிட்ட கேக்கறது? நீங்க தப்பா எழுதியிருப்பீங்கன்னு சொல்லல. முப்பது வருஷம் பாத்த கண்ணு. ஆனா ஊர்ல எல்லாரும் குடு குடுங்கறாங்க. அவளும் குடுக்கச் சொல்றா. குடுத்து அங்கயும் இதையே சொல்லிட்டா அஞ்சு வருஷம். அஞ்சு வருஷம் ஆச்சுன்னா அவ வரமாட்டா மாமா, பொண்ணுக்கு என் மூஞ்சி மறந்துடும்.”

“அது உன் கூடாரம்னு தெரிஞ்சிருந்தா…” என்று தொடங்கிய தலையாரி நிறுத்திக்கொண்டார். பிறகு, “தெரிஞ்சிருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்,” என்றார்.

“அதான் மாமா எனக்கு வேணும். எனக்கு அதை ஒரு தடவ காட்டுங்க. என்னைத் தெருவுல நிறுத்துன மூஞ்சி எப்படி இருக்குன்னு பாத்துட்டேன்னா மனசு ஆறிடும். நீங்க பாத்துதான் சொல்றீங்கன்னு நானும் பாத்துட்டா, தாளக் கிழிச்சுப் போட்டுட்டு வேற பொழப்பப் பாப்பேன்.”

அக்கா எழுந்து தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். தண்ணீர்ச் செம்பு மேஜையிலேயே இருந்தது.

சோதனைக் கூடம் தெருவின் அடுத்த முனையில். சாவி என்னிடம். நாலு பேரும் இரண்டு குடையில் நடந்தோம். ஞாயிற்றுக்கிழமை கூடம் ஈரத்துணி வாசனை அடித்தது. தலையாரி மெத்தையைத் தட்டிப் போட்டார், உறையை மடித்து வைத்தார், தகட்டுப் பெட்டியிலிருந்து இருநூற்றுப் பதினாறை எடுத்து ஏற்றினார். திருகைத் திருப்பித் திருப்பி வெகுநேரம் பார்த்தார். அந்த நேரம் முழுக்க அக்கா என் பக்கத்தில் நின்றாள்.

“வா மாப்ள. இப்ப பாரு. மேல பெருசா ரெண்டு கம்பி மாதிரி போகுதுல்ல, அது கொம்பு.”

“ஆமா மாமா.”

“அது தொடங்கற எடத்துல ரெண்டு மேடு. ரெண்டும் எப்படி இருக்கு?”

“ஒண்ணப் பாத்து ஒண்ணு சாஞ்சிருக்கு.”

“அவ்வளவுதான். அதான் உட்சாய்வு. அது நேரா இருந்திருந்தா நீ இன்னிக்குக் கிழங்குக்குத் தண்ணி விட்டுக்கிட்டு இருப்ப.”

தம்பி கண்ணை எடுக்கவில்லை. இது இவ்வளவு அழகாக இருக்கும் என்று நினைக்கவில்லை என்றான். கொம்பில் வளையம் வளையமாக இருக்கிறது என்றான். தலையின் மேல்தோலில் மணல் தூவினாற்போல் புள்ளி தெரிகிறது என்றான். முப்பத்தைந்து வயதுக் கண், எல்லாம் தெரிந்தது.

“நடுவுல ஒரு கோடு ஓடுதே மாமா, அது என்ன?”

“கோடா?”

“நெத்தி நடுவுல. முடி மாதிரி. மேலேர்ந்து கழுத்து வரைக்கும்.”

தலையாரி அவனை நகர்த்திவிட்டுக் குனிந்தார். திருகை அந்தப் பக்கம் திருப்பினார், இந்தப் பக்கம் திருப்பினார். கண்ணாடியைக் கழற்றினார், போட்டார். “கோடெல்லாம் ஒண்ணும் இல்லையே,” என்றார்.

“நல்லாத் தெரியுது மாமா. அந்தக் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் கொஞ்சம் மடங்கின மாதிரிகூட இருக்கு.”

நான் அக்காவைப் பார்க்கவில்லை. அவள் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிவிடுவாள், எல்லாம் முடியும் என்று நினைத்தேன். பாதி மனசு அதற்காக வேண்டிக்கொண்டும் இருந்தது. மறுபாதி, தலைமைக் கூடத்து ஆட்கள் வந்து பெட்டியில் இருக்கிற ஒவ்வொரு தகட்டையும் எடுத்துப் பார்ப்பதையும், இந்த மனிதர் நாற்காலியிலிருந்து எழுப்பப்படுவதையும் பார்த்துக்கொண்டிருந்தது.

“கண்ணாடில கீறலா இருக்கும்டா,” என்றாள் அக்கா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “அண்ணே, அந்தக் கட்டுல ரெண்டு மூணு கீறலோட வந்துச்சுல்ல?”

தலையாரி என் பக்கம் திரும்பினார். தம்பியும் திரும்பினான்.

“ஆமா,” என்றேன். “கவனிக்காம விட்டுட்டேன்.”

தம்பி என்னையே ஒரு கணம் பார்த்தான். பிறகு அவன் முகம் தளர்ந்தது. “பாத்துக் கழுவக்கூடாதாண்ணே,” என்றான், கோபமில்லாமல். “ஒரு நிமிஷம் எனக்கு என்னென்னமோ ஆசை வந்துடுச்சு.”

ஸ்டூலில் உட்கார்ந்து பிளாஸ்டிக் உறையிலிருந்து தாளை எடுத்தான். நாலாக, எட்டாகக் கிழித்தான். கிழித்ததைக் கையில் வைத்துக்கொண்டு மாமாவிடம் சொன்னான்:

“உங்ககிட்ட சொல்லல மாமா. வலையில ஒரு எடத்துல கிழிஞ்சிருந்துச்சு. கட்டைவிரல் அளவுதான். நாளைக்குத் தைக்கலாம், நாளைக்குத் தைக்கலாம்னு ஒரு வாரம் விட்டுட்டேன். அவ அப்பவே சொன்னா. அது வழியாத்தான் வந்திருக்கும். வேற எப்படி வரும்? எல்லாம் என் சோம்பேறித்தனம். அதை அவகிட்டயே போய் ஒத்துக்கறேன்.”

“டேய்,” என்றாள் அக்கா.

“என்னக்கா?”

அவள் வாய் அசைந்தது. “பஸ்சுக்கு நேரமாகல?” என்றாள்.

நாலு மணிப் பஸ்சில் அவன் போனான். துறைமுகத்தில் மூட்டை ஏற்ற ஆள் எடுக்கிறார்களாம், அதற்குப் போவதாகச் சொன்னான். பஸ் ஏறும் முன் குனிந்து அக்காவின் காலைத் தொடப் போனான். அவள் இரண்டடி பின்னால் நகர்ந்துவிட்டாள். அவன் அதை வெட்கம் என்று நினைத்துச் சிரித்தான்.

நான் கூடத்தைப் பூட்டத் திரும்பி வந்தபோது தலையாரி அங்கேயே இருந்தார். தகட்டைக் கையில் எடுத்து, கட்டைவிரல் நகத்தால் மேல்பக்கம் மெதுவாகத் தடவினார். திருப்பிக் கீழ்ப்பக்கம் தடவினார். வட்டக் கண்ணாடியின் மேலும் தடவினார்.

“கண்ணுக்குத் தெரியலன்னாலும் நகத்துக்குத் தெரியும்யா,” என்றார். “கீறல் இல்ல.”

நான் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“நீ கீறல் தகடு விடறவன் இல்ல. அவ ஏன் அப்படிச் சொன்னா?”

அவர் ஜன்னலோரம் இருந்த வெந்நீர்ப் பாத்திரத்தைப் பார்த்தார். அங்கிருந்து வரிசையாக அடுக்கியிருந்த தகட்டுப் பெட்டிகளைப் பார்த்தார். “எப்பலேர்ந்து?” என்றார்.

“வெயில் காலத்துலேர்ந்து சார்.”

“எனக்காகவா?”

“உங்களுக்காகத்தான்.”

வெயில் காலத்திலிருந்து அவர் உட்சாய்வு எழுதியவை எத்தனை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கொளுத்துகிற ஆட்களோடு ஜீப் அதில் ஒவ்வொன்றுக்கும் போய்வந்திருக்கிறது. தகட்டைப் பெட்டியில் அதன் இடத்திலேயே செருகிவிட்டு, “வீட்டுக்குப் போலாம், அவ தனியா இருப்பா,” என்றார். வழியில் பஸ் நிலையம் தாண்டும்போது நின்று, போன பஸ்ஸின் தடத்தைப் பார்ப்பவர் போல ரோட்டைப் பார்த்தார்.

திங்கட்கிழமை ஒரு புட்டி வந்தது. எண் இருநூற்று நாற்பத்தொன்று. அக்கா குழாயை வெந்நீரில் நிறுத்தி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றாள். நாலாவது நிமிஷம் எடுத்துவிட்டாள். தகடு மங்கலாக, பழுப்பாக வந்தது. சட்டப்படி எப்படி இருக்க வேண்டுமோ அப்படி.

தலையாரி அதன்மேல் குனிந்தார். ஒரு மணி நேரம் ஆனது. அக்கா போய் அவர் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

“நீ பாத்துச் சொல்லு,” என்றார் அவர், கண்ணை எடுக்காமல்.

“எனக்கு இதெல்லாம் பாக்கத் தெரியாதுங்க.”

“எனக்கும்தான்,” என்றார்.

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். பதினோரு மணிக்குள் அறிக்கை போயாக வேண்டும். தலையாரி தாளை இழுத்து வைத்துக்கொண்டு, “நெற்றி” என்ற கட்டத்தை விரலால் தடவிக் கண்டுபிடித்தார். அது யாருடைய கூடாரம் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது. அவர் எழுதினார்.